ஆசனமும் லயமும்

நமது நாட்டிலே ஓர் இலக்கிய வகை உண்டு. விமர்சகர்கள் அதனைப் பொருட்படுத்துவதில்லை. ஆயினும் மலைநாட்டுத் தோட்டங்களில் அதைப்போலப் பரவிய எழுத்து வேறில்லை. பாராளுமன்ற அங்கத்தவரின் வாழ்க்கைக் குறிப்பைத்தான் சொல்கிறேன். தேர்தல் துண்டுப்பிரசுரத்தில் அது பிறக்கிறது. பாராட்டு விழா மலரில் வளர்கிறது. பாடசாலைப் பரிசளிப்பு விழாவின் அழைப்பிதழில் இடம்பிடிக்கிறது. இறுதியில் கறுப்புக் கரையிட்ட அஞ்சலிப் பிரசுரத்தில் நிறைவடைகிறது. நூல்நிலையம் இல்லாத தோட்டத்திலும் இது கிடைக்கும். லயத்துப் பிள்ளையொன்று தன் சமூகத்தைப் பற்றி முதன்முதலில் படிக்கின்ற ‘வரலாறு’ பெரும்பாலும் இதுவே. ஆகையால், ஆசிரியர்களும் மாணவர்களும் இதனை ஓர் எழுத்தாகக் கருதிப் பரிசீலிக்க வேண்டிய அவசியம் உண்டு.

இவ்வகை எழுத்தின் அமைப்பு எல்லோரும் அறிந்ததே. பிறந்த ஊர், கற்ற பாடசாலை, சங்கத்தில் வகித்த பதவி, வென்ற தேர்தல், பெற்ற அமைச்சு, திறந்துவைத்த கட்டிடங்கள் என்று அது படிப்படியாக மேலே ஏறும். அதன் இலக்கணத்தையும் சற்றுக் கவனிக்க வேண்டும். எல்லா வாக்கியங்களிலும் எழுவாய் அங்கத்தவரே. மக்கள் எப்பொழுதும் நான்காம் வேற்றுமையிலேயே நிற்பர். ‘மக்களுக்குப் பாதை தந்தார்’, ‘மக்களுக்கு வீடு தந்தார்’, ‘மக்களுக்கு வாக்குரிமை பெற்றுத் தந்தார்’. கொடுப்பவர் ஒருவர், கைநீட்டுபவர் பலர். கங்காணியின் காலத்தில் தோட்டத்திலே நிலவிய உறவுமுறை, ஜனநாயகத்தின் காலத்தில் வாக்கிய அமைப்பாக உருமாறி நிற்கிறது.

இவ்வமைப்பு உண்மைக்கு எவ்வளவு தூரம் பொருந்துகிறது? பொதுவாகப் பேசுவதிலும் ஒரு தொகுதியை எடுத்துச் சோதித்துப் பார்ப்பது நல்லது. ஊவா மாகாணத்தின் பதுளைத் தொகுதியை எடுத்துக்கொள்வோம். 1947ஆம் ஆண்டு அத்தொகுதி, தோட்டத் தொழிலாளரின் பிரதிநிதியாக எஸ். எம். சுப்பையாவைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பியது. ஐந்து ஆண்டுகளில் அந்த ஆசனம் மறைந்தது. அது எவ்வாறு உண்டாயிற்று, எவ்வாறு பறிபோயிற்று, மீண்டும் கிடைத்தபோது என்னவாயிற்று என்பதே இக்கட்டுரையின் பொருள்.

1

ஆசனத்தின் பிறப்பைத் தேர்தல் மேடையிலே தேடுவது தவறு. 1931ஆம் ஆண்டு டொனமூர் அரசியல் திட்டம் இலங்கைக்குச் சர்வசன வாக்குரிமையைக் கொண்டுவந்தது. ஆனால் இந்திய வம்சாவளித் தொழிலாளிக்கு அந்தக் கதவு பாதிதான் திறந்தது. இந்நாட்டிலேயே நிரந்தரமாகத் தங்குபவன் என்று அவன் நிரூபிக்க வேண்டியிருந்தது. மலையைக் காடழித்துத் தேயிலையாக்கிய பரம்பரையிடம், இங்கே தங்கப்போகிறாயா என்று கேட்கப்பட்டது! அன்றைய தோட்டத்தில் துரையின் அனுமதியின்றி வெளியார் எவரும் காலடி வைக்க முடியாது. சங்கம் அமைக்கச் சென்றவர்மீது அத்துமீறல் வழக்குப் பாயும். கூட்டத்துக்குப் போனவனின் கையில் மறுநாள் வேலைநீக்கச் சீட்டு கொடுக்கப்படும். இத்தகைய நிலையில் வாக்குரிமை என்பது காகிதத்தில் எழுதிய சர்க்கரையாகவே இருந்திருக்கும்.

அதனை உயிருள்ள உரிமையாக மாற்றியவை 1939, 1940ஆம் ஆண்டுகளின் வேலைநிறுத்தங்கள். 1939 யூலையில் இலங்கை இந்திய காங்கிரஸ் தோன்றியது. அதே காலத்தில் லங்கா சமசமாஜக் கட்சியினரும் தோட்டங்களுக்குள் தொழிற்சங்கம் கட்டிக்கொண்டிருந்தனர். 1940 ஜனவரியில் ஹேவாஹெட்டைப் பகுதியின் முல்லோயாத் தோட்டத்தில் கோவிந்தன் என்ற தொழிலாளி பொலிசாரின் துப்பாக்கிச் சூட்டில் மாண்டார். அதன் பின் போராட்ட அலை ஊவாவை அடைந்தது.

பதுளைக்கு அருகேயுள்ள வேவெஸ்ஸத் தோட்டத்தில் நடந்ததை நமது வாழ்க்கைக் குறிப்பு எழுத்தாளர்கள் ஒருமுறையாவது நினைத்துப் பார்க்க வேண்டும். அங்கே தொழிலாளர் தமக்குள் வாக்களித்து ஒரு தொழிலாளர் சபையைத் தெரிவு செய்தனர். அச்சபையைக் கலந்தாலோசித்தே தோட்டத்தை நடத்துவதாகத் துரை ஒப்புக்கொள்ள நேர்ந்தது. ‘ஒழுங்கை’ நிலைநாட்ட வந்த ஆயுதம் தாங்கிய பொலிஸ் கோஷ்டியொன்றைத் தொழிலாளர் நிராயுதபாணிகளாக்கினர். 1940 மே 12ஆம் திகதி பதுளையில், பொலிஸ் தடையை மீறி, அரசாங்க சபை அங்கத்தவராயிருந்த என். எம். பெரேரா கூட்டத்தில் பேசினார். பின்னர் அடக்குமுறை வந்தது. அவ்வேளை பெருவெள்ளம் ஊவாவை நாட்டின் பிற பகுதிகளிலிருந்து ஒரு வாரத்துக்கு மேல் துண்டித்தது. வெளியார் கண் படாத அந்நாட்களில் பொலிசின் கை மேலும் ஓங்கியது. வேலைநிறுத்தம் முறியடிக்கப்பட்டது. யூன் மாதத்தில் சமசமாஜத் தலைவர்கள் சிறைப்பட்டனர்.

போராட்டம் தோற்றது உண்மையே. ஆனால் அதிலே ஒன்று பிறந்தது. பிரட்டுக்களத்தில் பெயர் கூப்பிடும்போது ‘ஐயா’ என்று குரல் கொடுக்க மட்டும் பழக்கப்பட்டிருந்த மனிதர்கள், தமக்குள் ஒருவரைத் தெரிவு செய்வதும், அவரிடம் கணக்குக் கேட்பதும், தம் சார்பில் அவரைத் துரையிடம் அனுப்புவதும் எப்படி என்று கற்றுக்கொண்டனர். பிரதிநிதித்துவத்தின் அரிச்சுவடி இதுவே. பதுளைத் தொழிலாளி அதனைப் பாராளுமன்றத்துக்கு ஏழு ஆண்டுகளுக்கு முன்னரே தேயிலை மலையில் படித்துவிட்டான். ‘வாக்குரிமை பெற்றுத் தந்தார்’ என்ற வாக்கியத்தின் எழுவாயை இங்கேயே திருத்த வேண்டியிருக்கிறது.

2

1947 தேர்தலில் பதுளை இரட்டை அங்கத்தவர் தொகுதி. அதில் ஓர் ஆசனத்தை இந்திய காங்கிரசின் சுப்பையாவும் மற்றையதைச் சமசமாஜக் கட்சியின் ஜே. சி. டி. கொத்தலாவலவும் பெற்றனர். பிற்காலத்தில் பிரதமராக வந்த கொத்தலாவல இவரல்லர். இடதுசாரி இயக்கத்தின் ஆரம்பகாலத் தோழர் இவர். ஒரே மண்ணிலிருந்து ஒரு தமிழ்த் தொழிலாளர் பிரதிநிதியும் ஒரு சிங்கள இடதுசாரியும் ஒன்றாகப் பாராளுமன்றம் சென்றனர். பசறையின் தேயிலை மலையும் அதன் அடிவாரத்துச் சிங்களக் கிராமமும் ஒரே எதிர்க்கட்சி வரிசையில் இடம்பெறக்கூடும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

தேர்ந்தெடுக்கப்பட்ட 95 அங்கத்தவருள் இந்திய காங்கிரசார் எழுவர். நுவரெலியாவில் சௌ. தொண்டமான், நாவலப்பிட்டியில் கே. இராஜலிங்கம், தலவாக்கலையில் சி. வி. வேலுப்பிள்ளை, கொட்டகலையில் கே. குமாரவேலு, மஸ்கெலியாவில் ஜி. ஆர். மோத்தா, அலுத்நுவரவில் டி. இராமானுஜம், பதுளையில் சுப்பையா. எண்ணிக்கையில் இது சிறிது. ஆனால் தோட்டத் தொழிலாளரின் வாக்கு இந்த ஏழு தொகுதிகளுக்கு அப்பாலும் இடதுசாரி வேட்பாளருக்குத் துணைநின்றது. தோட்ட முதலாளிகளும் அவர்களுக்கு அனுசரணையான ஆளும் வர்க்கமும் அச்சம் கொண்டதற்குக் காரணம் இந்த ஏழு பேரல்லர். அந்த ஏழு பேருக்குப் பின்னே தெரிந்த வர்க்க ஒற்றுமையின் நிழலே.

எனவே அடி விழுந்தது. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் மலைநாட்டுத் தமிழரைச் சொந்த மண்ணிலேயே நாடற்றவராக்கியது. 1949இல் வந்த இந்திய பாகிஸ்தானியர் பிரஜாவுரிமைச் சட்டம் இடுக்கான ஒரு வாசலை மட்டும் காட்டியது. அதே ஆண்டின் தேர்தல் திருத்தச் சட்டம் பிரஜையல்லாதவரின் வாக்கைப் பறித்தது. இந்திய காங்கிரசாரும் இடதுசாரிகளும் எதிர்த்து வாக்களித்தனர். 1948 செப்டெம்பரில் அமைச்சரவையில் சேர்ந்த ஜி. ஜி. பொன்னம்பலம் 1949ஆம் ஆண்டுச் சட்டத்தை ஆதரித்தார். அவருடன் முரண்பட்டுப் பிரிந்த எஸ். ஜே. வி. செல்வநாயகம் தமிழரசுக் கட்சியைத் தோற்றுவித்தார். இனத்தின் பெயரால் பேசியவரும் வர்க்க நலனுக்குமுன் எவ்வாறு வளைந்துகொடுத்தார் என்பதை நமது மாணவர்கள் இங்கே கண்டுகொள்ளலாம்.

சுப்பையாவின் அரசியல் வாழ்வை இப்பொழுது நோக்குங்கள். ஓர் அங்கத்தவர் தேர்தலில் தோற்பதுண்டு. மக்கள் அவரை நிராகரித்துவிட்டார்கள் என்பது அதன் பொருள். பதுளையில் நடந்தது அதுவல்ல. அங்கத்தவர் ஆசனத்தில் அமர்ந்திருக்கையிலேயே அவரைத் தெரிவுசெய்த மக்கள் வாக்காளர் இடாப்பிலிருந்து நீக்கப்பட்டனர். 1952 தேர்தலின் பின் இந்திய காங்கிரசார் ஒருவர்கூடச் சபைக்குத் திரும்பவில்லை. இதனிலும் கொடிய ஒரு முரண்பாடு உண்டு. தொகுதிகள் மொத்தச் சனத்தொகையைக் கொண்டு வகுக்கப்பட்டிருந்தன. ஆகவே, தொகுதிகளை வகுக்கையில் லயத்தில் வாழ்ந்தவனின் தலையும் கணக்கில் சேர்ந்தது. வாக்குச்சாவடியில் மட்டும் சேரவில்லை. அவனுடைய எண்ணிக்கையால் உண்டான ஆசனத்தில் அவனுக்குப் பதில் சொல்ல வேண்டிய கடமையில்லாத ஒருவர் அமர்ந்தார்.

3

பழியை எல்லாம் எதிரியின்மீது சுமத்திவிட்டு நகர்வது விமர்சனமாகாது. தொழிலாளரின் பக்கம் நின்றவர்களும் தம் கணக்கைக் காட்ட வேண்டும்.

இந்திய காங்கிரசின் தலைமை ஒரே தன்மையுடையதன்று. தோட்டத்தில் பிறந்தவர்களும் அதிலிருந்தனர்; சொந்தமாகத் தோட்டம் வைத்திருந்த குடும்பத்தவரும் இருந்தனர். வேவெஸ்ஸவின் அனுபவத்தை, அதாவது ஒவ்வொரு மலையிலும் தொழிலாளர் தாமே தெரிவு செய்து தாமே கேள்வி கேட்கும் சபையை, தம் ஸ்தாபனத்தின் அடித்தளமாக்க அத்தலைமை துணியவில்லை. 1949ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் விண்ணப்பிக்க இரண்டு ஆண்டுகளே தவணை இருந்தது. முதலில் விண்ணப்பங்களைப் பகிஷ்கரிக்கச் சொன்னார்கள். தவணை நெருங்கியபோது விரைந்து விண்ணப்பிக்கச் சொன்னார்கள். இறுதியில் 8 இலட்சத்துக்கும் மேற்பட்டவர்களுக்காக விண்ணப்பங்கள் போயின. ஆண்டுகள் பல இழுத்தடித்தபின் பிரஜாவுரிமை கிடைத்தது ஏறத்தாழ 134,000 பேருக்கு. பிறப்புச் சாட்சிப் பத்திரமில்லாத தாயும், பெயர் பிழையாகப் பதியப்பட்ட தந்தையும் கச்சேரிப் படிகளில் திருப்பியனுப்பப்பட்டனர். 1952 ஏப்ரல் 28இல் கொழும்பில் சத்தியாக்கிரகம் ஆரம்பமாகி மாதக்கணக்கில் நீடித்தது. தலைவர்களின் தியாகத்தை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால் நாட்டின் அந்நியச் செலாவணியையே தன் கையால் கிள்ளிக் கூடையில் போட்டுக்கொண்டிருந்த ஒரு வர்க்கத்தின் பலம் தேயிலை மலையிலல்லவா இருந்தது? அதனைப் பிரதமரின் காரியாலய வாசலில் தேடினார்கள்.

இடதுசாரிகளின் கணக்கு இதனிலும் வேதனை தருவது. 1940இல் தடையை மீறிப் பதுளையில் பேசிய என். எம். பெரேரா, 1948இல் பிரஜாவுரிமைச் சட்டத்தை எதிர்த்து நின்றவர், 1964 யூனில் சிறிமாவோ பண்டாரநாயக்க அரசாங்கத்தில் நிதி அமைச்சரானார். அவ்வாண்டு ஒக்டோபர் 30ஆம் திகதி சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் கைச்சாத்தாயிற்று. 975,000 மனிதரில் 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு, எஞ்சிய 150,000 பேரைப் பின்னர் பார்த்துக்கொள்வோம் என்று இரண்டு அரசுகள் பங்கிட்டுக்கொண்டன. பங்கிடப்பட்டவர்களில் ஒருவரையும் யாரும் கேட்கவில்லை. வேவெஸ்ஸவில் தம் சபையைத் தாமே தெரிவு செய்தவர்களும், அவர்களின் பிள்ளைகளும், பதுளைப் புகையிரத நிலையத்தில் தகரப் பெட்டிகளோடு நின்று தலைமன்னாருக்கு வண்டியேறினார்கள். மேடையில் நின்று கையசைத்தவர்கள் அழுத அழுகையைப் பதிவுசெய்த பாராளுமன்ற அறிக்கை எதுவுமில்லை. அமைச்சுப் பதவி ஏற்றால் உள்ளிருந்தே மாற்றலாம் என்ற வாதம் புதியதன்று. அதன் முதல் விலையை மலைநாடு கொடுத்தது. இதனை இடதுசாரி ஆசிரியர்களும் மாணவர்களும் மறைக்காமல் சொல்லிக்கொடுத்தால்தான் நமக்கு மற்றவரைக் கேள்வி கேட்கும் யோக்கியதை உண்டாகும்.

4

ஆசனத்தை இழந்த ஓர் அங்கத்தவரால் வேறென்ன செய்ய முடியும்? இதற்கு ஒரு விடையைத் தந்தவர், சுப்பையாவுடன் சபையில் அமர்ந்த எழுவரில் ஒருவரான சி. வி. வேலுப்பிள்ளை. அவர் ஊவாவைச் சேர்ந்தவரல்லர். மடகொம்பரைத் தோட்டத்தில் 1914இல் பிறந்தவர். ஆயினும் வாழ்க்கைக் குறிப்பு எழுத்தின் பொய்மையை அளக்க அவரையன்றி வேறு அளவுகோல் நமக்கில்லை.

பாராளுமன்றத்தில் அவர் இருந்தது ஐந்து ஆண்டுகள். தொழிற்சங்கப் பணியிலும் எழுத்திலும் அவர் உழைத்தது 1984இல் மறையும்வரை. தேயிலைத் தோட்டத்தைப் பற்றி அவர் ஆங்கிலத்தில் எழுதிய நெடுங்கவிதை, சக்தீ அ. பாலையாவின் மொழிபெயர்ப்பில் ‘தேயிலைத் தோட்டத்திலே’ என்று தமிழுக்கு வந்தது. ‘வீடற்றவன்’ போன்ற நாவல்களில் தொழிற்சங்கம் தோட்டத்துக்குள் நுழையும் வேளையின் அச்சத்தையும் நம்பிக்கையையும் எழுதினார். தோட்டந்தோட்டமாகத் தேடி மலைநாட்டு மக்களின் பாடல்களைத் திரட்டினார்.

இந்தக் கடைசிப் பணியே எனக்கு மிக முக்கியமாகப்படுகிறது. நாட்டார் பாடலின் இலக்கணத்தைப் பாருங்கள். அங்கே ‘நான்’, ‘நாங்கள்’ என்று பேசுபவர் தொழிலாளியே. கப்பலேறியது நாங்கள், காடழித்தது நாங்கள், பிள்ளையை மலையில் புதைத்தது நான். கங்காணியும் கணக்கப்பிள்ளையும் துரையும் அங்கே ஏசப்படுகிறார்கள், கேலிக்குள்ளாகிறார்கள். நான்காம் வேற்றுமையில் கைநீட்டி நிற்கும் மக்களை அங்கே காண முடியாது. பாராளுமன்ற அறிக்கையில் தம் மக்களுக்காகப் பேசிய ஒரு மனிதர், ஆசனம் போனபின் மக்கள் தாமாகவே பேசிய பேச்சைத் தேடிப் போனார். பிரதிநிதித்துவம் என்ற சொல்லின் முழுப் பொருளையும் அவர் அந்தப் பயணத்தில் கண்டிருக்க வேண்டும்.

சி. வி.யின் எழுத்தில் குறையில்லை என்று நான் சொல்ல வரவில்லை. இரக்கமும் சோகமும் சில வேளைகளில் அவரை மீறிப் பாய்கின்றன. போராட்டத்தின் உள் முரண்பாடுகளை, குறிப்பாகத் தலைமைக்கும் தொண்டனுக்கும் இடையே எழுந்த முரண்பாட்டை, அவர் இன்னும் கண்டிப்பாக எழுதியிருக்கலாம். ஆனால் அவர் தம்மைக் கதாநாயகனாக்கி ஒரு பக்கமும் எழுதாமல், பெயரில்லாதவர்களைக் கதாநாயகராக்கினார். முன்னாள் அங்கத்தவர் ஒருவரிடம் இது அரிய பண்பு.

5

வாக்குரிமை மெல்ல மெல்லத் திரும்பியது. 1977இல் தொண்டமான் நுவரெலியா-மஸ்கெலியாவின் மூன்றாவது அங்கத்தவராகத் தெரிவானார். 1988ஆம், 2003ஆம் ஆண்டுச் சட்டங்கள் நாடற்ற நிலைக்கு முடிவு கட்டின. விகிதாசாரத் தேர்தல் முறையில் பதுளைத் தொகுதி பதுளை மாவட்டமாக விரிந்தது. விருப்பு வாக்கு என்ற புதிய நாணயம் புழக்கத்துக்கு வந்தது. தமிழ் வாக்கு ஒன்றாகத் திரண்டால் அங்கத்தவர் கிடைப்பார். அங்கத்தவர் கிடைத்தால் அரசாங்கம் அமைப்பவருக்கு அவர் தேவைப்படுவார். தேவைப்பட்டால் பதவி வரும். இவ்வாறு ஒரு வாய்ப்பாடு உருவாயிற்று.

இந்த வாய்ப்பாட்டின் விளைவை அண்மைக் காலத்தில் நாம் கண்கூடாகக் கண்டோம். 2018 ஒக்டோபரில் இரு பிரதமர் நெருக்கடி எழுந்தபோது பதுளை அங்கத்தவர் வடிவேல் சுரேஷ் அணி மாறி இராஜாங்க அமைச்சரானார். சில வாரங்களுக்குள் பழைய அணிக்குத் திரும்பினார். 2020 ஒக்டோபரில் 20ஆவது அரசியலமைப்புத் திருத்தத்துக்கு எதிராக நின்ற அணியின் பெயரால் தெரிவான பதுளை அங்கத்தவர் அ. அரவிந்தகுமார் அத்திருத்தத்துக்குச் சார்பாக வாக்களித்தார். பின்னர் இராஜாங்க அமைச்சரானார். இவர்களைத் தனி மனிதராக இகழ்வது எளிது, பயனற்றது. அரசாங்கத்தின் பக்கம் இருந்தால்தான் தோட்டத்துக்குத் தகரமும் சீமெந்தும் வரும் என்று வாக்காளரே நம்பும்படி எழுபது ஆண்டுகள் பழக்கியிருக்கிறோம். அந்த நம்பிக்கையை வளர்த்த எழுத்தே, முதலில் நான் குறிப்பிட்ட வாழ்க்கைக் குறிப்பு.

அந்த நம்பிக்கையின் விலை என்ன? 2014 செப்டெம்பர் 20ஆம் திகதி ஊவா மாகாண சபைக்குத் தேர்தல் நடந்தது. ஹல்துமுல்லை, கொஸ்லாந்தைத் தோட்டங்களின் லயங்களுக்கும் வேட்பாளர் வந்திருப்பர், கும்பிட்டிருப்பர். அதன்பின் 39 நாட்கள் கழிந்தன. ஒக்டோபர் 29ஆம் திகதி காலை கொஸ்லாந்தைக்கு அருகே மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியது. அவ்விடம் மண்சரிவு அபாயமுள்ளது என்று 2005இலும் 2011இலும் தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் எச்சரித்திருந்தது. இவ்விரு எச்சரிக்கைகளுக்குப் பின்னும் எத்தனையோ தேர்தல்கள் வந்தன. எத்தனையோ அங்கத்தவர் வென்றனர். எந்த வெற்றிவிழா மலரிலும் அந்த எச்சரிக்கை அச்சாகவில்லை.

அபாயம் தெரிந்தும் அம்மக்கள் ஏன் அங்கேயே இருந்தார்கள் என்று கேட்பவர் சிலர் உண்டு. போவதற்கு அவர்களுக்கு ஓர் அடி நிலமும் இருக்கவில்லை என்பதே பதில். லயம் தோட்டத்துக்குச் சொந்தம். தோட்டம் அரசுக்குச் சொந்தம், கம்பெனிக்குக் குத்தகை. இருநூறு ஆண்டு உழைப்புக்குப் பின்னும் காம்பராவின் கதவு மட்டுமே அவர்களுக்குப் பழக்கம். அதன் உறுதி அவர்களிடம் இல்லை. அது மட்டுமா? 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவு, தோட்டத்துக்குள் பாதையோ தண்ணீரோ கொடுப்பதற்குப் பிரதேச சபையின் கையைக் கட்டிப்போட்டிருந்தது. தோட்டத்துத் தொழிலாளி பிரதேச சபைக்கு வாக்களிக்கலாம். அவனது லயத்துக்கு முன்னாலுள்ள குழியை அச்சபை நிரப்ப முடியாது! அந்தப் பிரிவு திருத்தப்பட்டது 2018இல். தோட்டப்புறங்களில் புதிய கிராமங்களை அமைக்கும் அதிகார சபைக்கான சட்டமும் அவ்வாண்டே வந்தது. இவை மெய்யான ஆதாயங்கள். இவற்றைச் செய்வித்த அங்கத்தவர்களுக்கு உரிய பாராட்டைக் கொடுக்க வேண்டும். ஆனால் முப்பத்தொரு ஆண்டுகள் அந்தப் பிரிவு உயிரோடிருந்தபோது மலைநாட்டு அமைச்சர்கள் இல்லாமலா போனார்கள்? பதவி இருந்தது, கேள்வி கேட்கும் மக்கள் சபை இல்லை.

மீரியபெத்தை மக்களுக்கு 2016இல் 75 வீடுகள் கையளிக்கப்பட்டன. ஊவாவின் சரிவுகளில் இன்னும் எத்தனையோ லயங்கள் மழை இரவுகளில் விழித்திருக்கின்றன. மண்ணின் அடியில் போனபின் வரும் வீட்டைப் பிரதிநிதித்துவத்தின் வெற்றியென்று எழுதுகின்ற பேனா, வெட்கப்பட வேண்டிய பேனா.

6

2024 நவம்பர் தேர்தலில் பதுளை மாவட்டம் தேசிய மக்கள் சக்தியின் சார்பில் கிட்ணன் செல்வராஜையும் அம்பிகா சாமுவேலையும் தெரிவு செய்தது. பாரம்பரியத் தோட்டத் தொழிற்சங்கத் தலைமைகளின் பிடிக்கு வெளியே மலைநாட்டு வாக்குச் சென்றது இதன் முதற் சிறப்பு. நுவரெலியாவில் தெரிவான கிருஷ்ணன் கலைச்செல்வியோடு சேர்த்து, மலையகத் தமிழ்ப் பெண்கள் முதன்முறையாகப் பாராளுமன்றத்தில் அமர்ந்தனர் என்பது இரண்டாவது. கொழுந்து கிள்ளுபவர் பெண்கள். சந்தா கட்டியவர் பெண்கள். 1947இல் கிடைத்த ஆசனத்திலிருந்து ஒரு மலையகத் தமிழ்ப் பெண் அங்கத்தவரைக் காணப் பதுளைக்கு 77 ஆண்டுகள் தேவைப்பட்டன! இது மகிழ்ச்சிக்குரிய மாற்றமே.

ஆனால் மகிழ்ச்சியின் வேகத்தில் மற்றுமொரு வாழ்க்கைக் குறிப்புக்குப் பேனாவைத் திறக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். கட்சி மாறியதனால் வாக்கியத்தின் எழுவாய் மாறிவிடுவதில்லை. புதிய அங்கத்தவர்களுக்கும் நாம் பழைய கேள்விகளையே கேட்க வேண்டும். அபாயச் சரிவில் நிற்கும் லயங்களின் பட்டியல் எங்கே? குடும்பத்துக்கு ஒரு துண்டு நிலமும் அதன் உறுதியும் எந்த ஆண்டுக்குள்? கூட்டொப்பந்தமென்றும் சம்பளச் சபையென்றும் மாறிமாறி இழுபடும் நாட்கூலி, வாழ்க்கைச் செலவை எப்பொழுது எட்டும்? இவற்றுக்கு மேலாக இன்னொன்று: தோட்டத்துக்குத் தோட்டம் மக்கள் தாமே தெரிவு செய்த சபையின் முன் வந்து நின்று, ஆண்டுக்கு ஒருமுறையாவது கணக்குச் சொல்ல நீங்கள் தயாரா?

இக்கேள்விகளைக் கேட்பதற்கு ஒரு படிப்பு வேண்டும். அந்தப் படிப்பைக் கொடுக்கக்கூடியவர்கள் தோட்டப் பாடசாலை ஆசிரியர்களே. அவர்களிடமும், லயத்திலிருந்து பல்கலைக்கழகம் சென்ற மாணவர்களிடமும் ஒரு வேலையை ஒப்படைக்க விரும்புகிறேன். உங்கள் தோட்டத்துக்கு வந்துபோன அங்கத்தவர்களின் வரலாற்றை நீங்கள் எழுதுங்கள். அவர் எங்கே பிறந்தார், எத்தனை மாலை விழுந்தது என்று எழுத வேண்டாம். எந்த ஆண்டில் வந்தார், என்ன சொன்னார், அப்பொழுது கூரையில் எத்தனை ஓட்டை இருந்தது, அவருடைய பதவிக்காலம் முடிந்தபோது எத்தனை ஓட்டை இருந்தது என்று எழுதுங்கள். பழைய வேலைநிறுத்தங்களை நினைவில் வைத்திருக்கும் பாட்டியர் மறைவதற்குமுன் அவர்களிடம் போய் உட்காருங்கள். தண்ணீர் பீலியை யார் கேட்டுப் போராடினார்கள், யார் வேலையிழந்தார்கள் என்பதைப் பெயரோடு குறித்துவையுங்கள்.

அவ்வாறு எழுதினால் வேவெஸ்ஸ தொழிலாளர் சபை நம் வரலாற்றின் முதல் அத்தியாயமாகும். சுப்பையாவின் ஐந்து ஆண்டுகள் அதன் தொடர்ச்சியாகும். மீரியபெத்தை அதன்மீது எழுப்பப்பட்ட குற்றப்பத்திரமாகும். மக்கள் நான்காம் வேற்றுமையை விட்டு எழுவாயாக வந்து நிற்பர். பதுளையின் ஆசனத்தில் இனி எவர் அமர்ந்தாலும், தாம் யாருடைய வாக்கியத்தில் ஒரு சொல் என்பதை அவர் மறக்க முடியாது.